பதினேழாவது சுறாவும் மூன்று கிராம் பறவையும்

ஓய்வு பெற்றவனுக்கு ஆபீசிலிருந்து போன் வந்தால் இரண்டே காரணம்தான் இருக்கும். ஒன்று, ஏதாவது பீரோ சாவியைக் காணோம். இல்லையென்றால் ஏதாவது பழைய கையெழுத்து புரியவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க யாரும் போன் போடுவதில்லை. போன வாரம் பேசிய பெண் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர். குரலில் மரியாதை இருந்தது, அவசரமும் இருந்தது.

"சார், மரக்காணம் யூனிட் பழைய ரெஜிஸ்டரை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு இருக்கோம். ரெண்டாயிரத்து அஞ்சு பிப்ரவரியில பால்சுறா வயித்துல என்ன இருந்துதுன்னு இருபது மீனுக்கு எழுதியிருக்குது. பதினேழாவது மீனுக்கு நேரா 'அடையாளம் தெரியவில்லை'ன்னு இருக்குது. மத்த எடத்துல எல்லாம் அப்படி எழுதியிருந்தா, சாம்பிள் அனுப்பி, பதில் வாங்கி பக்கத்துல ஒட்டியிருக்கீங்க. இதுக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. சாம்பிள் அனுப்பலையா சார்?"

"இல்லம்மா."

"அப்போ என்ன போடட்டும்? இங்க லிஸ்ட்ல மீன், இறால், நண்டு, கணவாய், காலி, இவ்வளவுதான் இருக்குது. ஏதாவது ஒண்ணை அமுக்கினாதான் அடுத்த வரிக்குப் போகும்."

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஒரு வாரம் ஆகிறது. அந்தப் பெண் பதினேழாவது வரியிலேயே நிற்கிறாரா, தாண்டிப் போய்விட்டாரா தெரியவில்லை. பதில் சொல்வதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

என் டிரெயினிங் கதையெல்லாம் சொல்லி யாரையும் அறுக்க மாட்டேன். படித்தது விலங்கியல். கிடைத்தது கரையில் நின்று மீன் அளக்கிற வேலை. மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை அளக்க வேண்டும், பென்சிலால்தான் எழுத வேண்டும், ஈரக்கை பட்டால் பேனா மை ஓடிவிடும் என்பதை ஆறு மாதத்தில் கற்றுக்கொடுத்தார்கள். மற்றதை வெயில் கற்றுக்கொடுத்தது. பல ஊர் சுற்றிவிட்டு 2004 நடுவில் மரக்காணம் வந்தபோது எனக்கு நாற்பத்தைந்து வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போது கேட்பவர்களும் இல்லை.

உப்பளத்து ஓரத்தில் ஒரே அறை. அதுதான் ஆபீஸ், அதுதான் வீடு, நடுவில் ஒரு மரத் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் தராசு, அளவுப் பலகை, ஃபார்மலின் பாட்டில்கள். அந்தப் பக்கம் ஒரு கட்டிலும் ஸ்டவ்வும். வாங்கி வைத்த கத்தரிக்கோல் இரண்டு மாதத்தில் துருப்பிடித்துவிடும். மத்தியானம் ஜன்னலைத் திறந்தால் உப்புப் பாத்தியில் கண் கூசும். அந்த ஊரில் ஒருத்தருக்கும் என் பேர் தெரியாது. 'மீன் அளக்கிற சார்' என்பார்கள். வேதாசலம் என்று கூப்பிட ஒரே ஒருவர்தான் இருந்தார், எஸ்தர் மேடம்.

அவர் என் மேலதிகாரி. என்னைவிட ஏழு வயது சின்னவர். வாரத்துக்கு இரண்டு நாள் புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வருவார். கையில் ஒரு தண்ணீர் பாட்டில், இரண்டு பென்சில், ஒரு பிளேடு. வந்தவுடன் வணக்கம் கிடையாது. பையிலிருந்து அரைக்கிலோ படிக்கல்லை எடுத்துத் தராசில் தொங்கவிடுவார். முள் சரியாக நின்றால்தான் உட்காருவார். ஒருநாள் பத்து கிராம் தள்ளி நின்றது. அந்த வாரம் முழுக்க நான் எழுதியிருந்த எடைக்கெல்லாம் பக்கத்தில் ஒரு குறி போடவைத்தார்.

அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் உண்டு. "பார்த்தீங்களா, நெனச்சீங்களா?"

ஒரு தடவை, சுறா வயிற்றில் தலை இல்லாத இறால் ஒன்று இருந்தது. நான் வழக்கமாக வருகிற இறால்தானே என்று பேரை எழுதிவிட்டேன். "தலை இல்லாம எப்படிப் பேர் வெச்சீங்க?" என்றார். வேற என்ன மேடம் இருக்கப் போகுது என்றேன். "இருக்கப் போகுதுன்னு எழுத ஒரு கட்டம் கிடையாது நம்ம ரெஜிஸ்டர்ல. தெரியலைன்னா தெரியலைன்னு எழுதுங்க. பாட்டில்ல போட்டு அனுப்புங்க." எனக்குக் கோபம்தான் வந்தது. நேற்று வந்த பொம்பளை என்று மனதுக்குள் திட்டினேன். ஆனால் அதற்குப் பிறகு அந்த இரண்டு நாட்களுக்காக நான் காத்திருக்க ஆரம்பித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சுனாமியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. பிரம்மதேசத்தில் தெரிந்தவர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தேன், அதனால் இருக்கிறேன். திரும்பி வந்தபோது கரையில் நான் தினமும் உட்காரும் இடத்தில் ஒரு படகு கவிழ்ந்து கிடந்தது. என்னோடு தினமும் பேசிய பல பேர் இல்லை.

அதன் பிறகு பல வாரம் ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. ஆனாலும் ரெஜிஸ்டர் எழுத வேண்டும். தினமும் காலையில் கரைக்குப் போய், ஆளில்லாத மணலைப் பார்த்துவிட்டு வந்து பூஜ்யம் போடுவேன். மேடமும் வழக்கம்போல வந்தார். படிக்கல்லைத் தொங்கவிட்டார், முள்ளைப் பார்த்தார், உட்கார்ந்தார். எடை போட ஒன்றும் இல்லை.

அப்படி ஒரு மத்தியானம் நோட்டில் நடுவே ஒரு கோடு கிழித்தார். இடது பக்கம் 'பால்சுறா' என்று எழுதினார். எங்கள் கரையில் அந்தப் பேரில் இரண்டு மூன்று வகை வரும். நாங்கள் வேலை செய்தது மூக்கு மம்பட்டி மாதிரி தட்டையாக இருக்கும் சின்ன வகை, இரண்டு அடிக்கு மேல் வளராது. வலது பக்கம் 'ரீங்காரச் சிட்டு' என்று எழுதினார், இங்கிலீஷில் ஹம்மிங்பேர்ட். அவர் வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்தது அந்தப் பறவையைத்தானாம். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் ஊருக்குத் திரும்பி வந்து, கிடைத்த வேலை போதும் என்று எங்கள் துறையில் சேர்ந்தாராம்.

"நம்ம தேன்சிட்டுதானே மேடம் அது?" என்றேன்.

"இல்ல. பார்க்க ஒண்ணு மாதிரி இருக்கும், குடும்பமே வேற. சும்மா உட்கார்ந்தா கை மறந்துடும். ரெண்டையும் ஒப்பிட்டு எழுதுவோம். நீங்க சுறா சொல்லுங்க, நான் பறவை சொல்றேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. எடை: சுறா முக்கால் கிலோ, பறவை மூன்று கிராம். ஒரு ரூபாய்க் காசைவிட லேசு என்றார். முட்டை: பறவைக்கு இரண்டே இரண்டு, மொச்சைக்கொட்டை அளவு. சுறாவுக்கு முட்டை வயிற்றுக்குள்ளேயே, கடுகு அளவு. "இவ்வளவு பெரிய மீனுக்குக் கடுகு, இத்தனூண்டு பறவைக்கு மொச்சையா?" என்று கேட்டேன். "சுறா அந்தக் கடுகை உள்ளயே வெச்சு, தொப்புள்கொடி வழியா சாப்பாடு குடுத்து வளர்க்குது. பறவை அப்படி இல்ல. குஞ்சுக்கு வேண்டியதை எல்லாம் முதல்லயே மூட்டை கட்டி முட்டைக்குள்ள வெச்சுடணும்" என்றார். பின்னால் போகுமா என்று ஒரு வரி. பறவை பறந்தபடியே பின்னால் போகும். சுறாவுக்கு முன்னால்தான் வழி.

இப்படிப் பல மத்தியானங்கள் போயின. வெளியே உப்புப் பாத்தியில் சேறு படிந்து கிடந்தது, வேலைக்கு ஒருத்தரும் இல்லை. உள்ளே நாங்கள் இரண்டு பேரும் கரைக்கு வராத, ஊரிலேயே இல்லாத உயிர்களை எடை போட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு அவரிடம் இருந்தது மரியாதைதான். மரியாதை மட்டும்தானா என்று கேட்டால், அதற்கு நேராக என்ன எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கடைசி வரி, 'நின்றால் என்ன ஆகும்?' நான் சொன்னேன், இந்தச் சுறா நீந்திக்கொண்டே இருந்தால்தான் மூச்சுவிட முடியும், நின்றால் செத்துவிடும். மேடம் தன் பக்கத்தில் எழுதவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"பகல் பூரா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தேன் குடிச்சாகணும் அது. ராத்திரி குளிர்ல தாக்குப்பிடிக்க முடியாதுன்னா, உடம்பைச் சில்லுன்னு ஆக்கிட்டு அசையாம உட்கார்ந்துடும். நிமிஷத்துக்கு ஆயிரம் தடவை அடிக்கிற நெஞ்சு அம்பதுக்கு இறங்கிடும். விடிஞ்சா திரும்ப எழுந்துடும். எனக்கு அது தெரியும், படிச்சிருக்கேன். ஒருநாள் விடிகாலையில கூண்டுல ஒண்ணு சில்லுன்னு இருந்துச்சு. தொட்டேன், அசையல. முந்தின வாரம்தான் ஒண்ணு செத்திருந்துது. இதுவும் அப்படித்தான்னு நெனச்சு நோட்டுல 'இறந்தது'ன்னு எழுதி, பஞ்சுல சுத்தி ஐஸ் பெட்டியில வெச்சுட்டேன். சாயங்காலம் எடுத்தேன். பஞ்சை ரெண்டு காலாலயும் பிடிச்சுட்டு இருந்துச்சு வேதாசலம். நான் வெச்சப்ப பிடிக்கல."

பென்சிலை அவர் பக்கம் நகர்த்தினேன், அவர் எடுக்கவில்லை.

"நான் எழுதினது பொய். அப்புறம் உண்மையாயிடுச்சு, நான் எழுதினதால" என்றார். அன்று சீக்கிரம் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அவருடைய 'பார்த்தீங்களா, நெனச்சீங்களா' எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. திட்டியதற்கு வெட்கப்பட்டேன்.

பிப்ரவரியில் நாலைந்து படகுகள் போக ஆரம்பித்தன. மீன் வந்தது, வாங்கத்தான் ஆளில்லை. கடலை விட்டு உள்ளே இருந்த கிராமங்களில் மீன் கூடையைப் பார்த்தாலே கதவைச் சாத்தினார்கள். கடலில் போனவர்களை மீன் தின்றிருக்கும் என்று பேச்சு. சுறா என்றால் கேட்கவே வேண்டாம். எங்கேயோ ஒரு சுறா வயிற்றில் மோதிரம் இருந்ததாம். யார் பார்த்தது என்றால், பக்கத்து ஊரில் யாரோ பார்த்தார்களாம்.

ஒருநாள் காலையில் நான் கரையில் சுறா அறுத்துக்கொண்டிருந்தபோது தனபாக்கியம் வந்து எதிரே உட்கார்ந்தாள். மீன் கூடை தூக்குகிறவள். அவள் மகன் அந்த ஞாயிற்றுக்கிழமை கரையில் வலை சரி பண்ணப் போனவன், உடம்பு கூடக் கிடைக்கவில்லை. மருமகள் அஞ்சலை அப்போது நிறைமாதம். ஜனவரியில் பெண் குழந்தை பிறந்தது.

"சார், நீ தினம் வயித்தை அறுத்துப் பார்க்கிறியே, உள்ள மனுஷன் இருந்தானா?"

"இல்லம்மா. இதோட வாயைப் பாரு. நெத்திலியும் இறாலும்தான் இது தின்னும்."

"அதை வந்து அவகிட்ட சொல்லு சார். மீனே தொட மாட்டேங்குறா. குழம்பு வாசனை வந்தாலே எழுந்து போயிடறா. இப்ப சோறும் எறங்கல. புள்ளைக்குப் பால் இல்ல. பவுடர் பால் குடுத்தா பேதி ஆவுது. நர்சம்மா வந்து பார்த்துட்டு, புள்ள எடை கொறைஞ்சுகினே போவுதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. பால்சுறா புட்டு பண்ணிக் குடுத்தா நாலு நாள்ல பால் ஊறும். எங்க வீட்ல எல்லாரும் அப்படி வளர்ந்ததுங்கதான்."

போனேன். அரசாங்கம் போட்டுக்கொடுத்த தகரக் கொட்டகையில் அஞ்சலை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். குழந்தை துணியில் கிடந்தது. அழுகைகூட சத்தமாக வரவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "எந்த மீன் வயித்துல அவர் இருக்காருன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்றாள்.

மேடமிடம் சொன்னேன். சுறா தின்றால் பால் ஊறும் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள் என்றேன். "அது எனக்குத் தெரியாது, சொல்ல மாட்டேன். சாப்பிடாம இருந்தா பால் வராதுன்னு தெரியும். அவ கேட்டது நியாயமான கேள்வி. பார்க்கட்டும். நாளைக்கு நம்ம கணக்குக்கு எடுக்கிற இருபது சுறாவையும் அவ எதிர்லயே அறுங்க" என்றார்.

மறுநாள் கரையில் தார்ப்பாய் கட்டி, முறைப்படி ஆரம்பித்தோம். சுற்றிலும் பெண்கள். அஞ்சலையை மாமியார் கையைப் பிடித்து அழைத்துவந்து முன்னால் உட்கார வைத்தாள். நான் அளந்து, எடை போட்டு, பின்துளையிலிருந்து தொண்டை வரை கத்தரித்து, இரைப்பையை எடுத்து வெள்ளைத் தட்டில் திறப்பேன். உள்ளே இருப்பதைச் சத்தமாகச் சொல்வேன். மேடம் அஞ்சலையின் முகத்துக்கு நேரே தட்டைக் காட்டுவார். அவள் பார்த்த பிறகுதான் எழுதுவார்.

நெத்திலி. நெத்திலி. காலி. இறால் மூன்று. காலி. பத்துக்கு மேல் போனதும் பெண்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். அஞ்சலை மட்டும் கண்ணை எடுக்கவில்லை. பதினாறாவது மீன் சினைச் சுறா. உள்ளே பதினொரு குட்டிகள், விரல் நீளம், ஒவ்வொன்றுக்கும் நூல் மாதிரி கொடி. "இதுக்குக்கூட கொடி இருக்குது பாரு அத்தை" என்றாள் அஞ்சலை. அவள் பேசியதே பெரிய விஷயம் என்று தனபாக்கியம் என்னைப் பார்த்தாள். அப்பாடா என்று எனக்கும் இருந்தது.

பதினேழாவதைத் திறந்தேன்.

வெள்ளையாக ஒரு துண்டு, கட்டைவிரல் நீளம். எலும்பு இல்லை, செதில் இல்லை, தோல் இல்லை. பாதி கரைந்திருந்தது. இந்த மாதிரி எத்தனையோ தடவை வந்திருக்கிறது. மீன் சதையாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். 'அடையாளம் தெரியவில்லை' என்று சொல்லிவிட்டுப் பாட்டிலில் போட வேண்டும். அவ்வளவுதான் முறை. நான் பாட்டிலை எடுக்காமல் மேடத்தைப் பார்த்தேன். பேசிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். அஞ்சலை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடம் குனிந்து இடுக்கியால் அதைப் புரட்டினார். இடுக்கி தட்டில் பட்டு லேசாகச் சத்தம் போட்டது. நிமிர்ந்து அஞ்சலையைப் பார்த்தார்.

"கணவாய்" என்றார்.

பிறகு ரெஜிஸ்டரில் எழுதினார். நான் அடுத்த மீனை எடுப்பதற்குள் அந்தத் துண்டோடு தட்டை அவரே தூக்கிக்கொண்டு தண்ணீர் ஓரம் போய் அலசிக்கொண்டு வந்தார். அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை. பதினெட்டு நெத்திலி, பத்தொன்பது காலி, இருபது இறால். முடிந்தது. வழக்கம்போல மீன்களைப் பெண்களிடம் கொடுத்தோம். அஞ்சலை குவியலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, விரலால் ஒரு மீனைக் காட்டினாள். பெரியதாகப் பார்த்து எடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன்.

அறைக்கு வந்து ரெஜிஸ்டரைப் பார்த்தேன். பதினேழுக்கு நேரே அவருடைய குண்டு எழுத்தில் 'அடையாளம் தெரியவில்லை' என்று இருந்தது. மேடம் படிக்கல்லைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம்."

"ரெஜிஸ்டர்ல பொய் எழுத மாட்டேன் வேதாசலம்."

"அந்தப் பொண்ணுகிட்ட..."

"சில்லுன்னு உட்கார்ந்திருந்தா. பார்த்தீங்க இல்ல? இன்னொரு தடவை ஐஸ் பெட்டியில வைக்க என்னால முடியாது." பையின் ஜிப்பை மூட அவருக்கு இரண்டு மூன்று தடவை ஆயிற்று.

அன்று மாலையே அஞ்சலை சாப்பிட்டாள் என்று தனபாக்கியம் ஓடிவந்து சொன்னாள். ஒரு மாதத்தில் குழந்தையின் அழுகை கொட்டகைக்கு வெளியே கேட்டது. புட்டால் பால் ஊறியதா, சோறு இறங்கியதால் ஊறியதா என்று எனக்குத் தெரியாது. மேடமும் அதைக் கேள்விப்பட்டார். ஆனால் அன்றிலிருந்து அவர் மாறிவிட்டார். 'பார்த்தீங்களா, நெனச்சீங்களா' என்ற கேள்வி நின்றுபோனது. என் நோட்டைத் திருத்தும்போது இரண்டு தடவை பென்சிலை எடுத்து, கீழே வைத்துவிட்டார். அந்த வருஷக் கடைசியில் தானே கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். போகும்போது ஒரு வார்த்தை சொன்னார். "கடலோரத்துல பொறந்த பொண்ணை ஏமாத்திட்டேன். அவ என்னை நம்பினா." இல்லை மேடம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பஸ் போய்விட்டது. வாரத்தில் அந்த இரண்டு நாளும் அதற்குப் பிறகு மற்ற ஐந்து நாள் மாதிரியே இருந்தன.

2006 கோடையில் எனக்கும் மாற்றல் வந்தது. கிளம்பும் நாள் காலையில் உப்பளத்து வழியாகப் பஸ் ஸ்டாப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாத்திகளில் வேலை மறுபடி நடந்துகொண்டிருந்தது. அஞ்சலை உப்பு வாரிக்கொண்டிருந்தாள். வரப்பில் குடைக்குக் கீழே அந்தக் குழந்தை உட்கார்ந்து ஒரு உப்புக் கட்டியை நக்கிக்கொண்டிருந்தது. என் பெட்டியைப் பார்த்ததும் வாரியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"ஊருக்குப் போறீங்களா சார்? அந்தம்மா எங்க இருக்காங்க?"

"தெரியலம்மா. மாற்றலாகிப் போயிட்டாங்க."

"பார்த்தா சொல்லுங்க, புள்ள நல்லா இருக்குதுன்னு. அன்னிக்கு அது கணவாய் இல்ல சார்."

நான் பெட்டியைக் கீழே வைத்தேன்.

"நடக்கத் தெரிஞ்ச நாள்லேர்ந்து கணவாய் கழுவுறேன். எனக்குத் தெரியாதா? அங்க உட்கார்ந்திருந்த அத்தினி பேருக்கும் தெரியும். ஒருத்தியும் வாயைத் திறக்கல. அந்தம்மாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்ல. கை நடுங்குச்சு. வந்தவங்க எல்லாரும் அரிசி குடுத்தாங்க, அழாதேன்னாங்க, போட்டோ எடுத்துகினு போனாங்க. எனக்காக ஒருத்தங்க கை நடுங்கி அன்னிக்குத்தான் பார்த்தேன்."

"அப்புறம் எப்படிம்மா சாப்பிட்டே?"

அவள் குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் கேட்டு வாங்குனது அந்த மீனைத்தான் சார். பதினேழாவது. அது அவரா இருந்தா, எங்க வீட்டுக்குத்தானே வந்திருக்காரு. இல்லைன்னா வெறும் மீனு. ரெண்டுல எதுவா இருந்தாலும் புள்ளைக்குப் போவட்டும்னு தின்னேன்."

அவ்வளவுதான் சொன்னாள். மேஸ்திரி கூப்பிட்டான், போய் வாரியை எடுத்துக்கொண்டாள்.

மேடத்தின் விலாசத்தைப் பல வருஷம் தேடினேன். இரண்டு கடிதம் திரும்பி வந்தது. மூன்றாவது திரும்பிக்கூட வரவில்லை. இப்போது பெரிய முதலியார்சாவடியில் தனியாக இருக்கிறேன். நாங்கள் ஒப்பிட்டு எழுதிய அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. 'நின்றால் என்ன ஆகும்' என்ற வரியில் பறவை பக்கம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

ஆபீசிலிருந்து பேசிய அந்தப் பெண்ணுக்கு இன்று போன் போட்டேன். லிஸ்டில் எதையும் அமுக்காதீர்கள், 'அடையாளம் தெரியவில்லை' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள், அதுவரை காத்திருங்கள் என்றேன். சரி சார் என்றார். இதையெல்லாம் எழுதியிருக்கிறேன் என்றதும், ஆபீஸ் மலரில் போடுகிறோம் என்றும் சொன்னார். போடட்டும். எங்கேயோ யார் கையிலோ போய்ச் சேரும்.

எஸ்தர் மேடம், நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. அஞ்சலைக்கு அன்றைக்கே தெரியும். இதை நான் நினைத்து எழுதவில்லை, பார்த்து எழுதுகிறேன்.